உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறை

குணமாக வழியில்லாத நோயில் கிடந்து, முடிவெடுக்கும் நிலையையும் இழந்துவிட்டால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்னதாகவே எழுதிவைக்க இந்தியாவில் சட்டப்படி இடமுண்டு. 'காமன் காஸ்' அமைப்பு 2005-இல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இந்த உரிமையை ஏற்றது. ஆனால் ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையால் அது பலருக்கு எட்டாத காரியமாகவே இருந்தது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அந்த நடைமுறையைத் தளர்த்தியது. பேச்சுவழக்கில் லிவிங் வில் எனப்படும் இந்த ஆவணத்தை இப்போது பெரிய செலவோ அலைச்சலோ இல்லாமல் எழுதிவிடலாம்.

எதை எழுத முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்திலும் கனடாவிலும் நோயாளி கேட்டால், சட்டம் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மருத்துவரே மருந்து கொடுத்து உயிரை முடித்துவைக்கலாம். இந்தியாவில் அது குற்றம். எழுதிவைத்தாலும் செல்லாது. இங்கே அனுமதி உண்டென்றால், பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதற்கும், தொடங்கியதை நிறுத்துவதற்கும் மட்டுமே. தென் மாவட்டங்களில் முதியவர்களை எண்ணெய்க் குளியலால் சாகவைக்கும் தலைக்கூத்தலை இதோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அது கொலை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, தெளிந்த மனநிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். வாசகம்தான் இதில் கடினமான பகுதி. "என்னை நிம்மதியாகப் போகவிடுங்கள்" என்ற வரியை வைத்துக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியாது. பொருள் தெளிவில்லாத ஆவணத்தை மருத்துவக் குழு செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது. ஆகவே நிலைமையையும் சிகிச்சையையும் பெயர் சொல்லியே எழுத வேண்டும்: "நான் மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்தால், தொண்டையில் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கட்டாயம் வேண்டும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. மூக்குக் குழாய் வழி உணவு பற்றியும் ஒரு வரி இருப்பது நல்லது, குடும்பத்தில் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான். குடும்ப மருத்துவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு எழுதினால் வாசகம் தானாகவே தெளிவாகும்.

அடுத்து, தன் சார்பில் பேச வேண்டியவர்களின் பெயர்கள். பாதுகாவலராகவோ நெருங்கிய உறவினராகவோ ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். மூத்த மகன் என்பதற்காகவே ஒருவரைப் போடுவது வழக்கம்; ஊரிலிருந்து வந்து நிற்கும் அத்தையும் சித்தப்பாவும் "எப்படியாவது காப்பாற்றுங்கள்" என்று அழும்போது தடுமாறாமல் நிற்கக்கூடியவர் யாரோ, அவரைப் போடுவதே சரி. அவரிடம் முன்பே சொல்லிச் சம்மதமும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் சொந்தபந்தம் அல்லாதவர்களாக இருந்தால் நல்லது. நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட வேண்டும். பிரதிகளைப் பெயர் குறித்தவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் உரிய அதிகாரியிடமும் ஒன்று போக வேண்டும். அதைப் பாதுகாக்க ஒரு பொறுப்பாளரை அவர் நியமிக்க வேண்டும் என்பது விதி. பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் பூட்டிவைத்த ஆவணம் நள்ளிரவு அவசரத்தில் உதவாது.

மருத்துவமனையில் இது உடனே நடப்புக்கு வந்துவிடாது. சிகிச்சை தரும் மருத்துவர் முதலில் ஆவணம் உண்மையானதா என்று சரிபார்ப்பார். அவரும், துறையில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல்நிலைக் குழு கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். சிகிச்சையை நிறுத்தலாம் என்று அந்தக் குழு சொன்னால், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாம் குழு அதே கால அளவுக்குள் மறுபடி பார்க்கும். பெயர் குறித்தவர்களின் சம்மதமும் வேண்டும். எல்லாம் கூடிவந்தபின் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தெரிவித்துவிட்டுச் சிகிச்சையை நிறுத்தலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

ஆவணமே எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரு குழு வழி திறந்திருக்கிறது. ஆனால் அது தெரியாத குடும்பங்கள், மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு, வலிமருந்துகூட இல்லாமல் நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவதே இன்றும் வழக்கம்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், புதிதாகவும் எழுதலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். பழைய பிரதிகளை அவை போன இடங்களிலிருந்தெல்லாம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.