பெயர் சொல்லாமல் ஃபைல் அனுப்ப ஓர் உண்டியல்

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையும் பெரிய இரும்பு அலமாரியும் நினைவுக்கு வருகின்றனவா? உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரே சர்வராக வேலை செய்யும். பெயர் சொல்ல விரும்பாதவர்களிடம் இருந்து ஃபைல் வாங்கும் சர்வராக அதை மாற்றுவது எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம். முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தண்ணீர் தரும் குளம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மூலையில் இரவு நேரத்தில் லாரியில் மண் கொட்டத் தொடங்கினார்கள். பலர் போனில் படம் எடுத்திருந்தார்கள், கொடுக்கத்தான் ஆள் இல்லை. டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "மக்ளே, போட்டோ எங்கிட்ட இருக்கு. எம்பேரு மட்டும் வெளிய வரப்பிடாது, கேட்டியா?" வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவருடைய நம்பர் எனக்குத் தெரியும். யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்ல வேண்டி வரலாம். அனுப்பியவர் யார் என்று எனக்கே தெரியாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

திண்ணையும் உண்டியலும்

மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தேன். பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் யாரும் ஃபைல் போடலாம், யாரும் எடுக்கலாம் என்று ஒரு பக்கம் அமைத்தேன். பதினோராம் நாள் பார்த்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது. எங்கிருந்தோ வந்தவர்கள் சினிமாப் படங்களையும் வைரஸ் உள்ள ஃபைல்களையும் போட்டு, என் சர்வரின் முகவரியையே ஊருக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. சர்வர் யாருடையது என்பது மட்டும் தெரியும். உடனே மூடிவிட்டேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். மொஸில்லா நிறுவனம் 2019 மார்ச்சில் 'ஃபயர்பாக்ஸ் சென்ட்' என்ற இலவச சேவையைத் தொடங்கியது. லாகின் செய்யாமலே 1 ஜிபி வரை அனுப்பலாம். பூட்டைத் திறக்கும் சாவி லிங்கின் கடைசிப் பகுதியிலேயே இருக்கும். அந்தப் பகுதி சர்வருக்குப் போகாது. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று மொஸில்லாவுக்கே தெரியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வைரஸ் பரப்புகிறவர்களுக்கும் அதே வசதி கிடைத்தது. 2020 ஜூலையில் நிறுத்திவைத்தார்கள், செப்டம்பரில் ஒரேயடியாக மூடினார்கள். 'அனான்ஃபைல்ஸ்' என்ற சேவையும் தவறான பயன்பாட்டைச் சமாளிக்க முடியாமல் 2023 ஆகஸ்டில் கடையைக் கட்டியது.

நான் கட்டியது திண்ணை. யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். எனக்குத் தேவைப்பட்டது கோயில் உண்டியல். யாரும் போடலாம், போட்டவர் பெயர் தெரியாது, சாவி வைத்திருப்பவர் மட்டுமே எடுக்க முடியும். எடுக்க முடியாத இடத்தில் திருட்டு சினிமாவைப் போட்டு யாருக்கு என்ன லாபம்? பத்திரிகைகள் இதைத்தான் செய்கின்றன. ஆரோன் ஸ்வார்ட்ஸும் கெவின் போல்சனும் உருவாக்கிய மென்பொருளைக் கொண்டு 'தி நியூயார்க்கர்' பத்திரிகை 2013 மே மாதம் இப்படி ஒரு பெட்டியைத் திறந்தது. இன்று 'செக்யூர்டிராப்' என்ற பெயரில் பல பத்திரிகைகள் அதைப் பயன்படுத்துகின்றன.

வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்வது எப்படி?

இதற்கு 'ஆனியன்ஷேர்' என்ற இலவச மென்பொருள் போதும். மைக்கா லீ என்பவர் 2014-ல் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கும். வாடகை சர்வர் வேண்டாம், ரவுட்டரில் கை வைக்க வேண்டாம். இது 'டார்' என்ற வலையமைப்பு வழியாக வேலை செய்கிறது. அனுப்புபவர் பக்கம் 3, உங்கள் பக்கம் 3 என ஃபைல் 6 கம்ப்யூட்டர்களைத் தாண்டி வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனக்கு முன்னும் பின்னும் இருப்பது மட்டுமே தெரியும். ஆகவே அனுப்புபவரின் ஐபி முகவரி உங்களுக்குக் கிடைக்காது, உங்களுடையது அவருக்கும் கிடைக்காது.

1. ஆனியன்ஷேரின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். வேறு தளங்களில் இருந்து எடுக்காதீர்கள்.

2. திறந்ததும் டார் இணைப்பு கேட்கும். 'கனெக்ட் டு டார்' பட்டனைக் கிளிக் செய்து சற்றுக் காத்திருங்கள்.

3. வரும் திரையில் 'ரிசீவ் ஃபைல்ஸ்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

4. ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் சேர வேண்டும் என்று கேட்கும். சி டிரைவைக் கொடுக்காதீர்கள். தனியாக ஒரு பென் டிரைவைக் கொடுங்கள். யாராவது குப்பையைக் கொட்டினாலும் பென் டிரைவ்தான் நிரம்பும், விண்டோஸ் நிற்காது.

5. 'ஸ்டார்ட் ரிசீவ் மோட்' கிளிக் செய்யுங்கள். டாட் ஆனியன் என்று முடியும் 56 எழுத்து முகவரியும், ஒரு தனிச் சாவியும் கிடைக்கும். இரண்டையும் அனுப்புபவரிடம் கொடுக்க வேண்டும்.

6. அவர் 'டார் பிரவுசர்' என்ற இலவச பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து, சாவியைக் கொடுத்து, ஃபைலை அனுப்புவார். அவர் முன்பு வேறு யார் என்ன போட்டார்கள் என்று அவரால் பார்க்க முடியாது.

ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் ஓடும்போதுதான் உண்டியல் திறந்திருக்கும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் உண்டியலும் மூடிவிடும். நான் இரவு 8 முதல் 10 வரை என்று நேரம் குறித்துக்கொண்டேன்.

படமே காட்டிக்கொடுக்கும்

வழி பாதுகாப்பாக இருந்தால் மட்டும் போதாது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி, போன் மாடல், லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் ஆகியவை ஒளிந்திருக்கும். வீட்டு மாடியில் நின்று எடுத்த படம் என்றால் வீட்டையே காட்டிவிடும்!

விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'டீட்டெயில்ஸ்' டேபின் அடியில் 'ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்' என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் இந்த விவரங்கள் நீங்கிய ஒரு நகல் எடுத்துத் தரும். அந்த நகலின் 'டீட்டெயில்ஸ்' டேபையும் ஒருமுறை பாருங்கள். ஃபைல் பெயரிலும் தேதி இருக்கலாம், மாற்றிவிடுங்கள். இதை அனுப்புபவர்தான் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டும். தேதியை அழித்தால் சாட்சியத்தின் பலம் குறையும் என்பதும் உண்மை. எதை வைப்பது, எதை அழிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

வாங்குபவர் கவனத்துக்கு

யார் போட்டார்கள் என்று தெரியாத ஃபைலை டபுள் கிளிக் செய்யாதீர்கள். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். 'குளம் டாட் ஜேபிஜி' என்று தெரிவது உண்மையில் 'குளம் டாட் ஜேபிஜி டாட் இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அது படம் அல்ல, புரோகிராம். ஆன்டிவைரஸ் சோதனைக்குப் பிறகே திறங்கள். முக்கிய வேலைகள் இல்லாத பழைய கம்ப்யூட்டரில் திறப்பது இன்னும் நல்லது.

வாடகை சர்வர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண் முதலியவற்றைச் சரிபார்த்து, கணக்கை மூடிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். டார் பயன்படுத்தும்போதும், உள்ளே என்ன போகிறது என்று தெரியாவிட்டாலும், டார் பயன்படுத்துகிறீர்கள் என்பது உங்கள் இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. ஆகவே முழு மறைவு என்று எதையும் நம்பிவிடாதீர்கள். உண்டியலில் போடுபவருக்குப் பெயர் இல்லை. உண்டியலை வைப்பவருக்குப் பெயர் உண்டு.

எனக்கு இரண்டு வாரத்தில் 14 படங்கள் வந்தன. எது யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவற்றை பிரிண்ட் எடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு கொடுத்தேன். மனுவில் என் பெயரும் முகவரியும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயர் சொல்லாதவர்களின் ஃபைலை வாங்கினால், பெயரோடு நிற்க ஒருவர் வேண்டும் அல்லவா?

மண் கொட்டுவது நின்றுவிட்டது. கொட்டிய மண் இன்னும் குளத்தில்தான் கிடக்கிறது. அதனால் பென் டிரைவைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். நீங்களும் முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து ஒரு ஃபைல் அனுப்பிப் பாருங்கள். பழகிய பிறகு அடுத்தவரிடம் முகவரியைக் கொடுங்கள்.