கடல் கடந்த காரிகை

பிரான்சு நாட்டிற்கும் இங்கிலாந்திற்கும் இடையே அமைந்த கடற்பகுதி ஆங்கிலக் கால்வாய் எனப்படும். பெயரைக் கேட்டவுடன் வயலுக்கு நீர் பாயும் வாய்க்கால் போன்றது என்று எண்ணுதல் கூடாது. அதன் மிகக் குறுகிய இடமே ஏறத்தாழ 21 மைல் அகலம் உடையது. அங்கே நீர் கோடைக்காலத்திலும் உடலை நடுக்கும் குளிர்ச்சி உடையது. கடல் பெருகுங்கால் நீர் ஒரு திசையில் விரைந்தோடும். வற்றுங்கால் எதிர்த்திசையில் ஓடும். ஆதலின், நீந்துவோர் நேர்வழியே செல்லுதல் அரிது. நீரோட்டம் அவர்களைப் பக்கவாட்டில் ஈர்த்துச் செல்ல, அவர்கள் பல மைல் மிகுதியாக நீந்த நேரிடும். இத்தகைய கடலை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆரதி சாகா ஆவார்.

ஆரதி 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கல்கத்தா மாநகரில் பிறந்தார். இரண்டரை வயதில் தாயை இழந்த அவரைப் பாட்டியார் வளர்த்தார். உறவினருடன் நீராடச் சென்ற சம்பாதலா படித்துறையே அவர் நீந்தக் கற்ற பள்ளி. மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தையார் அவரை ஆட்கோலா நீச்சற்கழகத்தில் சேர்த்தார். பின்னாளில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பொற்பதக்கம் பெற்ற சச்சின் நாக் என்பார் அவருக்குப் பயிற்சி அளித்தார். ஐந்து வயதிலேயே ஆரதி போட்டியில் முதற்பரிசு பெற்றார். 1952ஆம் ஆண்டு எல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில், 200 மீட்டர் மார்பு நீச்சற் போட்டியில் அவர் கலந்துகொண்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை.

1958ஆம் ஆண்டு டாக்காவைச் சேர்ந்த பிரசேன் தாசும், அவரையடுத்து இந்தியரான மிகிர் சென்னும் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தனர். அச்செய்தி ஆரதியின் உள்ளத்தில் ஊக்கக் கனலை மூட்டியது. பயணத்திற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. அன்பர்கள் பலர் முயன்றனர். மேற்கு வங்க முதலமைச்சர் விதான் சந்திர ராய் துணைநின்றார். ஆரதியோ தேசபந்து பூங்காவின் குளத்தில் எட்டு மணி நேரம் இடைவிடாது நீந்தினார். பின்னர்ப் பதினாறு மணி நேரமும் நீந்திப் பழகினார்.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் பன்னாட்டு வீரர் பங்குபெற்ற கால்வாய்ப் போட்டி நடந்தது. ஆரதிக்கு வழிகாட்ட வேண்டிய படகு 40 நிமிடம் காலந்தாழ்ந்து வந்தது. நீரோட்டத்தைக் கணக்கிட்டு இறங்கவேண்டிய கடலில் இஃது ஒரு பெருங்குறையே. எனினும் அவர் இறங்கினார். பல மணி நேரம் நீந்தினார். இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல் தொலைவே எஞ்சியபோது நீரோட்டம் எதிர்த்தது. கைகள் ஓயாது உழைத்தும் கரை நெருங்கவில்லை. நெடுநேரம் போராடியபின், முயற்சியைக் கைவிட நேர்ந்தது.

படகின்மேல் பழி சுமத்திவிட்டுத் தாயகம் திரும்பியிருப்பின், அவரை யாரும் குறைகூறியிரார். ஆயினும் ஆரதி திரும்பவில்லை. களைத்த உடலுடன் மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். செப்டம்பர் 29ஆம் நாள் பிரான்சின் கிரீநே முனையிலிருந்து மறுமுறை கடலில் இறங்கினார். கொந்தளிக்கும் அலைகளிடையே 16 மணி 20 நிமிட நேரம் நீந்தி, 42 மைல் கடந்து, இங்கிலாந்தின் சாண்டுகேட் கரையை அடைந்தார். ஆங்கே இந்தியக் கொடி ஏற்றப்பெற்றது. பத்தொன்பது வயது நிரம்பி ஐந்து நாட்களே ஆன நங்கையின் வெற்றி அது!

1960ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. 1994ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 1999ஆம் ஆண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிடப்பெற்றது.

உலகம் கொண்டாடுவது அவர் கரையேறிய நாளை. ஆனால், தோற்ற நாளுக்கும் வென்ற நாளுக்கும் இடையே 33 நாட்கள் உள்ளன. எந்தக் கடல் தம்மைத் திருப்பி அனுப்பியதோ, அந்தக் கடலிலேயே மீண்டும் இறங்க அவர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்ட நாட்கள் அவை. அவருடைய வெற்றி அந்நாட்களிலேயே வேர்கொண்டது. தோல்வி வருதல் இயல்பு. அதன்பின் செய்வது யாது என்பதே ஒருவரின் உயர்வை அளக்கும் கோலாகும்.