ஒரு வழுவும் ஐந்து பேரின் கணக்கும்



குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நிற்பவர்களுக்குக் காற்றின் குணம் தெரியும். காற்று மூசினால் பயணம் தடைப்படும். அப்படி நேர்ந்தால் என்ன செய்வதென்று முன்னரே யோசித்து வைத்தவர் தடுமாறமாட்டார். கணனி நிரலுக்கும் இம்முன்யோசனை தேவை. பைதன் மொழியில் அதற்கான ஏற்பாட்டை இப்பாடத்தில் பார்ப்போம்.

சங்கம் ஒன்றில் ஐந்து கடற்றொழிலாளரின் மீன் நிறையைக் கூட்டும் நிரல் ஒன்று உண்டெனக் கொள்வோம். கிலோக் கணக்கில் பதிவுகள் இவை: 12, 8, "இல்லை", 15, 10. நிரல் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றிக் கூட்டிச் செல்கிறது. "இல்லை" என்ற சொல்லை எண்ணாக்க முடியாது. அவ்விடத்தில் பைதன் 'வல்யூ எரர்' என்னும் விதிவிலக்கை எழுப்பும். அடுத்து நடப்பது நாம் எழுதிய முறையைப் பொறுத்தது.

1. ஏற்பாடு எதுவும் இல்லையெனில் நிரல் அங்கேயே நின்றுவிடும். மொத்தம் கிடையாது.

2. கூட்டும் வேலை முழுவதையும் ஒரே 'ட்ரை' பகுதிக்குள் வைத்தால், நிரல் மிகுதி வரிகளை விட்டு 'எக்செப்ட்' பகுதிக்குத் தாவும். வழு நேர்ந்த வரிக்குத் திரும்பாது. மொத்தம் 20. கடைசி இருவரின் 25 கிலோ விடுபட்டுப்போகும்.

3. ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே ட்ரை நடக்குமாறு எழுதினால், பிழையான பதிவு மட்டும் விலகும். அடுத்த பதிவுக்கு நிரல் தொடரும். மொத்தம் 45.

இவற்றுள் இரண்டாவதே ஆபத்தானது. எக்செப்ட் பகுதியில் ஒன்றும் எழுதாமல் 'பாஸ்' என்று மட்டும் விட்டால், 20 என்ற பொய்க் கணக்கு சத்தமின்றி வெளிவரும். நின்றுபோன நிரலை எவரும் கவனிப்பர். பிழையான மொத்தத்தை யார் கவனிப்பார்? ஆகவே எதிர்பார்க்கும் வழுவின் பெயரை எக்செப்டில் குறிப்பிடுங்கள். எத்தனையாம் பதிவு பிழை என்பதையும் அச்சிடச் செய்யுங்கள். மூன்றாமவர் அன்று கடலுக்குப் போகவில்லையா, எழுதியவர் தவறவிட்டாரா என்று மனிதரே விசாரிக்க வேண்டும். வழு வந்தாலும் வராவிட்டாலும் செய்யவேண்டிய வேலையை, உதாரணமாகக் கோப்பை மூடுவதை, 'பைனலி' பகுதியில் எழுதலாம்.

இது சிறு விடயமன்று. 1996 யூன் 4 இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஏரியன் 5 உந்துகணை 40 வினாடி அளவில் சிதறியது. 'அடா' மொழி நிரலில், ஒரு பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்குள் மாற்றும்போது எழுந்த விதிவிலக்கைக் கையாள அவ்விடத்தில் ஏற்பாடு இருக்கவில்லை. வழிகாட்டும் கணனிகள் நின்றுபோயின.

பயிற்சி: "இல்லை" முதலாம் பதிவாக வந்து, மற்ற நான்கும் அப்படியே தொடர்ந்தால் மூன்று முறைகளிலும் மொத்தம் என்ன?

விடை: முதலாவதில் மொத்தம் கிடையாது, இரண்டாவதில் 0, மூன்றாவதில் 45.