ஸ்கர்ட்டிங்: சுவர் காயட்டும், அப்புறம் கை வை

வீடு முடிகிற நேரத்தில் கையில் காசும் குறைந்திருக்கும், பொறுமையும் குறைந்திருக்கும். சுவரின் அடியில் பட்டை ஒட்டும் ஸ்கர்ட்டிங் வேலை அப்போதுதான் வரும். “நாலு இஞ்ச் பட்டைதானே, மேஸ்திரி பார்த்துக்குவார்” என்று விட்டுவிடாதே தங்கச்சி. மாப் தண்ணீர், கட்டில் கால், கரையான் எல்லாம் சுவரைத் தொடுகிற இடம் அது.

முதலில் காலம் பார். நம்ம நெய்வேலியில் பொங்கலுக்கு முன்னால் பெயின்ட் அடிப்பது வழக்கம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. 2015 நவம்பர் மாதிரி கொட்டித் தீர்த்த வருஷமென்றால் கேட்கவே வேண்டாம். ஈரச் சுவரில் டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். பட்டைக்கு மேலே உப்பு பூத்து, பெயின்ட் பொரிந்து உதிரும். போகிக்கு ஒட்டடை அடித்துச் சுத்தம் செய். ஸ்கர்ட்டிங்கை மாசி, பங்குனிக்குத் தள்ளு.

சந்தேகமா? ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரின் அடியில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடு. தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. உடனே வெளியே போய்ப் பார். டவுன்ஷிப் வீடுகளில் வாழையும் முருங்கையும் சுவரை ஒட்டியே நிற்கும். தோட்டத்துக்கு விடுகிற தண்ணீர் அடிச்சுவரில் தேங்கும். பாத்தியைத் தள்ளி வை, வெளித்தரையைச் சுவரிலிருந்து சரிவாகப் பூசு. அது சரியாகாமல் உள்ளே எதை ஒட்டினாலும் வீண்.

கணக்கு எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. மூன்றடி வாசல் போக 41 அடி. இரண்டுக்கு இரண்டு டைலை வெட்டினால் கிட்டத்தட்ட நாலு இஞ்ச் உயரத்தில் ஆறு பட்டைகள் கிடைக்கும். நாலு டைல் போதும். உடைசலுக்கு ஒன்று சேர்த்து ஐந்தாக வாங்கு. அந்த ஆறில் முதலும் கடைசியும் மட்டும்தான் கம்பெனி ஓரத்தோடு வரும், மற்ற நாலும் இருபக்கமும் வெட்டு ஓரம். கம்பெனி ஓரத்தை மேலே வைத்து ஹாலில் ஒட்டச் சொல். மற்றவற்றின் மேல் ஓரத்தை மெஷினில் தேய்த்து மழமழப்பாக்கட்டும். இல்லையென்றால் துடைக்கிற துணி சிக்கும், குழந்தையின் கை கிழியும். வெட்டுகிற வேலை வீட்டுக்கு வெளியே, தண்ணீர் விட்டு நடக்கட்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மேஸ்திரியிடம் விடாப்பிடியாகக் கேட்க வேண்டியது ஒன்று: பட்டை சுவரோடு சமமாக உட்கார வேண்டும். வெளியே துருத்தி நின்றால் அதன் தலையில் தூசி படியும். 1962-இல் முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து சாம்பலும் சுரங்கத்து மண்ணும் இந்த ஊர்க் காற்றில் உண்டு. புது வீடென்றால் அந்த உயரத்துக்குப் பூச்சை நிறுத்திவிடச் சொல். பழைய சுவரென்றால் கட்டரால் நேர்கோடு போட்டு, பூச்சைக் கொத்தி எடுத்து உள்ளே பதிக்கலாம். ஒட்டிக் காய்ந்ததும் ஒரு காசால் தட்டிப் பார். டொக்கென்று வெற்றொலி வந்தால் அந்தத் துண்டைக் கழற்றி மறுபடி ஒட்டச் சொல்.

பழைய குவார்ட்டர்ஸில் ரெட் ஆக்சைடு பட்டை உதிர்ந்திருந்தால், முதலில் நகர நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள். அனுமதி கிடைத்தால் தளர்ந்ததை எல்லாம் கொத்தி எடு, விளிம்பை நனை, சிமென்ட் பால் தடவு. ஆக்சைடைச் சிமென்ட்டோடு உலர்வாகவே நன்றாகக் கலந்து, பிறகு தண்ணீர் சேர். பூசிய பிறகு ஒரு வாரம் ஈரத்துணி போட்டு வை. புதுசு கொஞ்ச நாள் நிறம் தனியாகத் தெரியும், பரவாயில்லை.

படத்தில் பார்த்து மரப்பட்டை கேட்பவர்கள் இருக்கிறார்கள். மரத்தரை போடுகிற குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். தினம் ஈரமாப் போடுகிற, கரையான் உள்ள நம் வீடுகளுக்கு வேண்டாம். மரத் தோற்றமே வேண்டுமென்றால் பிவிசி வாங்கு. பட்டை ஓரத்தில் மண்கோடு தெரிந்தால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்காதே. கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் துளை போட்டு மருந்து செலுத்தச் சொல்.

பட்டை போய் முடிகிற கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் விட்டால் வெள்ளை சிமென்ட் வைக்காதே. மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சிமென்ட் மறுபடி பிளக்கும். பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் வாங்கிப் பிதுக்கி, விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடு. அதற்குமேல் பீடிங் அடித்தால் கோடு மறைந்துவிடும்.

பட்டையைத் தினம் கழுவ வேண்டியதில்லை. முதலில் காய்ந்த துணியால் தூசியை எடு, பிறகு நன்றாகப் பிழிந்த துணி. நேரே தண்ணீர் விட்டால் சாம்பல் குழம்பாகி இடுக்கில் இறுகும். ஆசிட் பக்கம் போகவே போகாதே, இடுக்குச் சிமென்ட்டை அது அரித்துவிடும்.

மிச்ச டைலில் இரண்டை, பெட்டியில் அச்சிட்ட ஷேடு நம்பரோடு பரணில் போட்டு வை. அடுத்த லாட் வாங்கினால் அதே நிறம் கிடைக்காது.