சென்னையில் ஆட்டோ ஏறும் முன் ஒரு கணக்கு

நம்ம ஊரிலிருந்து வைத்தியத்துக்குச் சென்னை போகிறவர்கள் நிறையப் பேர். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம், அதுவரை பயமில்லை. வெளியே வந்ததும் "எங்க போகணும், எங்க போகணும்" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். உடம்பு சரியில்லாதவரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பேரம் பேச மனசு வராது. அதனால் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பணும்.

'டாக்சி' என்ற சொல்லே 'டாக்சிமீட்டர்' என்பதன் சுருக்கம்தான். மீட்டரால் பேர் வந்த வண்டி! ஆனால் மீட்டர் போடுகிற வண்டியைத் தேடித்தான் பிடிக்கணும்.

தமிழக அரசு 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோவுக்கு நிர்ணயித்த கட்டணம் இது. முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 12 ரூபாய். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். நாம் போகிற இடம் 6.8 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1.8 போக மீதி 5. ஐந்து பன்னிரண்டு அறுபது. 60 + 25 = 85 ரூபாய். இரவு என்றால் 127 ரூபாய் 50 காசு.

ஆனால் 85 ரூபாய்க்கே வருவார்கள் என்று நினைக்காதீர்கள். 2013க்குப் பிறகு பெட்ரோல், கேஸ் விலை எவ்வளவோ ஏறிவிட்டது, பழைய ரேட் கட்டாது என்கிறார்கள். அதுவும் நியாயம்தானே? "மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க" என்று கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுக்கலாம் என்பது என் கருத்து. 300 கேட்டால் அது வேற விஷயம். கணக்கு தெரிந்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

ரேட்டைவிட தூரம் தெரிவது முக்கியம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. சுரங்கப்பாதையில் இறங்கி ஏறினால் போதும், நடக்க முடிந்தவருக்கு ஆட்டோவே வேண்டாம். என் பெரியம்மாவிடம் ஒருத்தர் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு சுற்று சுற்றி அந்த வாசலில் விட்டார். பெரியம்மா அரை நாள் குனிந்து களை எடுத்தால்தான் அந்தக் காசு வரும். குழந்தைகள் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. சென்ட்ரல் பக்கத்துப் பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர்தான். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் காசு மிச்சம்.

ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்க. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த வண்டி. அதில் யாராவது "வாங்க, நான் விடுறேன்" என்றால் ஏறாதீங்க.

வீட்டில் ஸ்மார்ட் போன் இருந்தால் ஓலா, ஊபர் மாதிரி ஆப்பில் கட்டணம் முன்கூட்டியே தெரியும். மழை நேரத்தில் ஏறிவிடும், அது ஒரு தொல்லை. போனில் வந்த வண்டி நம்பரும் வந்து நிற்கிற வண்டி நம்பரும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் ஓடிபி சொல்லணும்.

தோழிகளுக்கு மட்டும் ஒன்று. ஏறியதும் வீட்டுக்குப் போன் போட்டு, வண்டி நம்பரை டிரைவர் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்க. அவசரத்துக்கு 112. பெண்களுக்கு 181. நம் வயதுப் பிள்ளைகளுக்கு 1098.

இப்போது நீங்கள் போடுங்க பார்ப்போம்: இரவு 12 மணி, தூரம் 11.8 கி.மீ. 2013 கட்டணப்படி எவ்வளவு?

(விடை: 217 ரூபாய் 50 காசு)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி