தண்ணீர் சேர்ந்தால் கணக்கு வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கற்றாழை ஜெல்லும் செம்பருத்தி ஷாம்பூவும் செய்து தோழிகளுக்குக் கொடுக்கிறாயாமே, அக்கா சொன்னாள். சந்தோஷம். "கெமிக்கலே இல்லை சித்தி, வைட்டமின் ஈ மாத்திரை மட்டும்தான்" என்று நீ அனுப்பிய குரல் பதிவையும் கேட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வைட்டமின் ஈ, எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைச் சட்டை செய்யாது. ரோஸ்மேரி சாறும் அதே ரகம். கிரேப்ஃப்ரூட் விதைச் சாற்றை இயற்கைப் பாதுகாப்பு என்று விற்கிறார்கள். அப்படி விற்றவற்றில் பலவற்றைச் சோதித்தபோது, கிருமியைக் கொன்றது விதையல்ல, உள்ளே கலந்திருந்த செயற்கைக் கிருமிநாசினி என்று தெரிந்தது.

பாட்டி எதைச் சேர்த்தாள் என்று கேட்பாய். பாட்டி ஈரத்தைச் சேமித்து வைக்கவே இல்லையே! சீயக்காயும் நலங்கு மாவும் காய்ந்த பொடி. குளிக்கப் போகும்போதுதான் குழைப்பாள். கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சினால், சாறு முழுக்க வற்றிச் சடசடப்பு அடங்கிய பிறகே அடுப்பிலிருந்து இறக்குவாள். செம்பருத்தி இலையை அரைத்த அன்றே தேய்த்து முழுகிவிடுவாள். நீ அதே விழுதைப் பாட்டிலில் அடைத்து ஒரு மாதம் குளியலறையில் வைக்கிறாய்.

ஆகவே, வெறும் எண்ணெய், மெழுகுத் தைலம், பொடி இவற்றுக்குப் பிரிசர்வேட்டிவ் வேண்டாம். ஈரக்கை படாமல் இருந்தால் போதும். தண்ணீர், பன்னீர், இலைச்சாறு, அரிசி கழுவிய நீர் எது சேர்ந்தாலும் வேண்டும். ஃபிரிட்ஜ் கிருமி வளர்வதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

எதை வாங்குவது? ஜாமிலும் பழச்சாற்றிலும் சேர்க்கிற சோடியம் பென்சோயேட் மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அது புளிப்பில்தான் வேலை செய்யும். கிருமியைத் தாக்குவது அதன் பென்சாயிக் அமில வடிவம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.2-இல் போட்டதில் பாதி அந்த வடிவில் இருக்கும். 5-இல் ஏழில் ஒரு பங்கு. 6-இல் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. சோப்புக் கரைசலில் போட்டால் காசுதான் வீண். பொட்டாசியம் சார்பேட்டும் புளிப்பை நம்பியதே, பூஞ்சைக்கு நல்லது. இரண்டையும் சேர்த்தே போடுவார்கள். பிஎச் காகிதம் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதே.

என்னைக் கேட்டால், ஃபீனாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்ஸில்கிளிசரினும் கலந்து வரும் திரவத்தில் தொடங்கு. பிஎச் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்பு 1 சதவீதம். 100 கிராம் ஜெல்லுக்கு 1 கிராமுக்கு மேல் அந்தக் கலவை போகக் கூடாது. விற்பவர் தரும் அளவுத் தாளையும் பார்த்துக்கொள். சொட்டுக் கணக்கும் ஸ்பூன் கணக்கும் இங்கே உதவாது; 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கு. கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகு ஊற்றி நன்றாகக் கலக்கு.

பாரபென் என்றாலே நீ முகம் சுளிப்பாய். மெத்தில்பாரபெனை 0.4 சதவீதம் வரை அதே ஐரோப்பா அனுமதிக்கிறது. பயப்பட வேண்டியது மெத்தில்ஐசோதையசோலினோனுக்கு. ஒவ்வாமை கிளப்பியதால், தேய்த்துக் கழுவாமல் விடும் க்ரீம்களில் 2017 முதல் அங்கே அதற்குத் தடை. உன் பட்டியலில் அது வேண்டாம்.

இலைப்பொடியும் களிமண்ணும் தம்மோடு கிருமிகளைக் கொண்டுவரும். அவற்றை ஈரக் கலவையில் போட்டால் நல்ல பிரிசர்வேட்டிவ்கூடத் திணறும். செம்பருத்தியைப் பொடியாகவே கொடேன், தலைவலி விட்டது.

நாற்றம் இல்லை, நிறம் மாறவில்லை என்று சமாதானம் சொல்லாதே. தெளிவான ஜெல்லிலும் கிருமி லட்சக்கணக்கில் இருக்கலாம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கீறல் பட்ட கருவிழியில் புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. அதனால் கண்ணுக்கு எதையும் வீட்டில் செய்யாதே, மையைத் தவிர்த்துவிடு. உன் பிரிசர்வேட்டிவ் போதுமா என்று உறுதியாகச் சொல்வது ஆய்வகச் சோதனைதான்: வேண்டுமென்றே கிருமியைக் கலந்து 28 நாள் பார்ப்பார்கள்.

இதுவரை தோழிகளுக்குக் கொடுத்ததைக் கொட்டிவிடச் சொல். விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்: நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உற்பத்தி உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது.

அன்புடன்,
சித்தி