உறுதியில் யாருடைய பெயர்?

கேள்வி: உம்மாவுக்கு அவரது தாய் கொடுத்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. பதிலுக்குக் கிடைத்த வீட்டின் உறுதி வாப்பாவின் பெயரில் இருக்கிறது. இதில் கத்தோலிக்கரான நீங்கள் என்ன சொல்வீர்கள்?
– வாசகி, மருதமுனை

பதில்: அது அநீதி, சகோதரி. கல்முனைக் கரையில் முஸ்லிம், தமிழர் இரு சமூகத்திலும் தாய்வீடு மகளுக்கே போகும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, வீடு கட்டத் தடைவிதித்த 200 மீட்டர் கரையோர வலயத்துக்கு வெளியே வீடு கொடுத்தபோது, படிவம் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று கேட்டது. அந்த ஒரு கட்டத்தில் கணவரின் பெயர் விழுந்தது. பல பெண்களின் சொத்து அப்படித்தான் கைமாறியது.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏடு, அடிப்படை உரிமைகளில் பால் அடிப்படையிலான பாகுபாடு கடவுளின் திட்டத்துக்கு முரணானது என்கிறது. குடும்ப ஒற்றுமையைச் சொல்லி மனைவியின் உரிமையை மறைக்க அதில் இடமில்லை.

மகளுக்குச் சீதன வீடு கட்டவே தாய்மார் வளைகுடாவில் வீட்டுவேலை செய்து தேய்வதும் எனக்கு வலிக்கிறது. அந்தச் சுமையை நான் புகழவில்லை. ஆனால் உங்கள் உம்மாவுடையது உம்மாவுடையதே. வாப்பா மனம் வைத்தால் நொத்தாரிசிடம் போய் உம்மாவின் பெயருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா என்று விசாரிக்கலாம். முதலில் வாப்பாவிடம் பேசுங்கள்.